பதினாறாம் வசனத்திலிருந்து

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் ஒரு திங்கட்கிழமையில் வந்தது. ஒனிஹங்காவில் அது நடுக்கோடை, பள்ளிக்கூட விடுமுறை. காலைத் திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கும் முறை அன்று எனக்கு. பதினாறு வயது மகளும் கூட வந்தாள். பக்தி காரணமில்லை. பூசை முடிந்து அப்படியே மவுண்ட் ரொஸ்கிலுக்குப் போய்ச் சர்க்கரையும் பயறும் வாங்குவதாக இருந்தோம்.

கிழமை நாள் பூசைக்கு எங்கள் பங்கில் பதினைந்து, இருபது பேர்தான் வருவார்கள். தொங்கா நாட்டு முதிய அம்மாக்கள் முன்வரிசையில் இருப்பார்கள். இரவு வேலை முடித்து நேரே வந்த பிலிப்பினோத் தாதிகள் இருவர், ஒரு மலையாளக் குடும்பம், பிறகு நாங்கள். நான் வாசித்தது 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம், 16 முதல் 23 வரையான வசனங்கள். அமலேக்கியரோடு போரிட்டு வென்ற சவுல் அரசன், கொள்ளையில் நல்ல ஆடுமாடுகளைப் பலிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டான். பலி கொடுப்பதைவிடச் சொல் கேட்பதே மேல் என்று இறைவாக்கினர் சாமுவேல் அவனைக் கண்டிக்கிறார். நல்ல பகுதி, எத்தனையோ மறையுரைகளுக்கு உதவியிருக்கிறது. வாசித்து முடித்து, இது ஆண்டவரின் வாக்கு என்று அறிவித்தேன். இறைவனுக்கு நன்றி என்றார்கள்.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: "நீங்கள் வாசிச்சது நடுவிலையிருந்தெல்லோ தொடங்குது? அதுக்கு முன்னாலை என்ன இருக்கு?"

"அழிக்கச் சொன்னதை சவுல் அழிக்காமல் வைச்சிருந்தவர். ஆடுமாடுகளை" என்றேன். பாதி உண்மை.

அவள் கைபேசியில் அந்த அதிகாரத்தைத் தேடி முதலிலிருந்து வாசித்தாள். மூன்றாம் வசனம் வந்தபோது நிறுத்திவிட்டாள். ஆண், பெண், சிறுவர், பால்குடிக் குழந்தை, மாடு, ஆடு, ஒட்டகம், கழுதை என்று எதையும் மிச்சம் வைக்காமல் கொல்லும்படி ஆண்டவர் கட்டளையிட்டதாக சாமுவேல் சவுலிடம் சொல்லும் இடம் அது.

"பால்குடிப் பிள்ளையளையுமோ அப்பா? இது கடவுள் சொன்னதோ?"

சிவப்பு விளக்கு. நான் பதில் சொல்லவில்லை. "நீங்கள் வாசிச்சு முடிச்சிட்டு, இது கடவுளின்ரை வாக்கு எண்டு சொன்னீங்கள்" என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை. தகவலைச் சரிபார்க்கும் குரல். வீட்டுக்கு வந்து நானே மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர்களை முற்றாக அழிக்கும்வரை போரிடு என்ற பொருளில் ஒரு வரி 18ஆம் வசனத்திலேயே இருக்கிறது. காலையில் அதை என் வாயால்தான் வாசித்திருக்கிறேன். என் காதில் விழவில்லை.

இந்த இடத்திலிருந்து தப்பிக்கப் பழகிய வழிகள் சில உண்டு. பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்பது ஒன்று. ஞாயிறு மறைக்கல்வியில் இன்றும் பலர் தெரியாமல் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதையே கொள்கையாக்கி எபிரேய நூல்கள் முழுவதையும் தள்ளிவைத்தார். உரோமைத் திருச்சபை அவரைத் தள்ளிவைத்தது. கடவுள் சொன்னால் எதுவும் நியாயம்தான் என்பது இரண்டாவது வழி. அதைச் சொல்பவர் எவரும் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொல்வதில்லை என்பது என் எண்ணம். மூன்றாவது வழி, பேசாமல் பதினாறாம் வசனத்திலிருந்து தொடங்குவது. திருச்சபையின் வாசக ஒழுங்கு இரட்டைப்படை ஆண்டுகளின் பொதுக்காலம் இரண்டாம் வாரத் திங்களன்று அதைத்தான் செய்கிறது. இத்தனைக்கும் விவிலியத்தின் இருண்ட பகுதிகளை ஒதுக்கிவிடுவது தவறு என்று 2010இல் 'வெர்பும் தோமினி' மடலில் 16ஆம் பெனடிக்ட் எழுதியிருக்கிறார். வாசக ஒழுங்கைத் தொகுத்தவர்களைப் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். காலை ஏழரை மணிக்கு, விளக்கம் சொல்ல ஐந்து நிமிடம்கூட இல்லாத பூசையில், நானும் அப்படித்தான் வெட்டியிருப்பேன். ஆனால் வெட்டியது யார், ஏன் என்பதற்கு வீட்டிலாவது பதில் வேண்டும்.

நம்மில் பலருக்கு வேதம் என்றால் மனதில் வரும் படம் வியாசர் சொல்ல விநாயகர் எழுதுவதுதான். கிறிஸ்தவர்களுக்கும் அதே படம், ஆட்கள்தான் வேறு. தூய ஆவி காதில் ஓத, மாற்கும் லூக்காவும் எழுதிக்கொண்டே போகிறார்கள். ஆனால் நூலையே திறந்து பார்த்தால் அப்படி இல்லை. லூக்கா தன் முன்னுரையில், பலர் எழுதியதைப் பார்த்து, எல்லாவற்றையும் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தி எழுதுவதாகச் சொல்கிறார். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியர் இன்னும் ஒரு படி மேல். வேர்வை சிந்தி, தூக்கம் கெட்டு இதைச் சுருக்கி எழுதினேன் என்று தொடக்கத்தில் முறையிடுகிறார். கடைசியில், நன்றாக வந்திருந்தால் மகிழ்ச்சி, சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று கைகூப்பிவிடுகிறார். ஒப்பந்த வேலை முடித்து ஆவணங்களைக் கையளிக்கும் நாளில் எனக்கும் சரியாக இதே மனநிலைதான். கடவுள் ஓதியதை எழுதியவர் இப்படி மன்னிப்புக் கேட்கமாட்டார்.

இந்த மனித வேர்வையைத் திருச்சபை மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. 1893இல் 13ஆம் லியோ எழுதிய சுற்றுமடல், இறை ஏவுதலும் பிழையும் ஒன்றாக இருக்க முடியாது என்று உறுதியாகச் சொன்னது. ஆனால் இயற்கையின் உள்ளமைப்பைக் கற்பிப்பது அந்த ஆசிரியர்களின் நோக்கமல்ல என்ற கதவையும் அதுவே கொஞ்சம் திறந்து வைத்தது. 1943இல், உலகப் போரின் நடுவில், 12ஆம் பயஸ் மூல மொழிகளுக்குப் போங்கள், அந்தக் காலத்து இலக்கிய வகைகளைப் படியுங்கள் என்று அறிஞர்களை ஊக்கப்படுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இது பெரும் சண்டையாகவே வெடித்தது. விவிலியத்தில் சமயம், உலகியல் எதைப் பற்றியும் எந்தப் பிழையும் இல்லை என்ற போக்கில் எழுதப்பட்ட முதல் வரைவை 1962 நவம்பரில் ஆயர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். 1964 அக்டோபர் 2ஆம் நாள் வியன்னாவின் கர்தினால் ஃப்ரான்ஸ் கோனிக் எழுந்து, சங்க மண்டபத்தில் யாரும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியதைச் சொன்னார். விவிலியத்தில் வரலாற்றுத் தவறுகள் இருக்கின்றன. அவர் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு மாற்கு 2:26. அபியத்தார் தலைமைக் குருவாக இருந்தபோது தாவீது கோவிலில் அப்பம் உண்டதாக அங்கே இயேசு சொல்கிறார். 1 சாமுவேல் 21இல் பார்த்தால் அந்தக் குரு அபியத்தார் இல்லை, அவருடைய தந்தை அகிமெலக்கு.

சின்னத் தவறுதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் வேறொரு கேள்வி எழும்: அப்படியானால் விவிலியம் எந்த வகையில் உண்மை? இதற்குச் சங்கம் கொடுத்த பதில் 1965 நவம்பர் 18ஆம் நாள் 2,344 வாக்குகளுக்கு 6 என்ற கணக்கில் நிறைவேறியது. 'தேயி வெர்பும்' என்று பெயர். அதன் 11ஆம் பிரிவு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. எழுதியவர்கள் தங்கள் ஆற்றல்களையெல்லாம் பயன்படுத்திய உண்மையான ஆசிரியர்கள். அவர்கள் பிழையின்றிக் கற்பிப்பது, நம் மீட்புக்காகக் கடவுள் பதியச் சொன்ன உண்மை. 13ஆம் பிரிவு கிறிசோஸ்தோமின் பழைய சொல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. தமிழில் 'இறங்கி வருதல்' என்று சொல்லலாம். குழந்தையிடம் பேச நாம் குனிவதுபோல, கடவுள் மனிதப் பேச்சுக்குக் குனிந்திருக்கிறார். பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் இருக்கின்றன என்று 15ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

அடுத்தது இலக்கிய வகை. இது தமிழருக்குச் சொல்லி விளங்கவேண்டியதில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக்கொண்டு கூழ் சமைத்துப் பந்தி வைத்து உண்கின்றன. குலோத்துங்கனின் படை கலிங்கத்தில் என்ன செய்தது என்ற அறிக்கையாக அதை யாரும் வாசிப்பதில்லை. பரணி என்றால் அப்படித்தான் பாடுவார்கள் என்று தெரியும். அமலேக்குக் கதைக்கும் அதுபோல ஓர் உறவுக்காரர் இருக்கிறார். இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள மேசாவின் கல்வெட்டு, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மோவாபின் அரசன் மேசா, இஸ்ரயேலரின் நேபோ ஊரைப் பிடித்து ஆண், பெண், சிறுவர் எல்லாரையும், ஏழாயிரம் பேரை, தன் தெய்வத்துக்கு நேர்ந்து கொன்றதாக அதில் பெருமை பேசுகிறான். நேர்ந்து அழித்தல் என்பதற்கு 1 சாமுவேல் 15இல் வரும் அதே வேர்ச்சொல்தான் அங்கும். அந்தப் பக்கத்தில் அரசர்கள் அப்படித்தான் பேசினார்கள். அதோடு, சவுல் எல்லாரையும் அழித்துவிட்டதாகச் சொல்லும் அதே சாமுவேல் நூலில், 27ஆம், 30ஆம் அதிகாரங்களில் அமலேக்கியர் திரும்பவும் வந்து தாவீதோடு சண்டை பிடிக்கிறார்கள்.

இவ்வளவையும் பின்னேரம் மாங்கரே பாலத்தில் நடந்துகொண்டு மகளுக்குச் சொன்னேன். பழைய பாலத்தை இடித்துவிட்டு 2022இல் நடப்பவர்களுக்கென்று திறந்த புதிய பாலம். வற்று நேரம், மனுகாவ் துறைமுகத்தின் சேறு வெளியே தெரிந்தது. தூண்டில்காரர்கள் வாளிகளோடு இருந்தார்கள். அவள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்ப அது நடக்கேல்லை எண்டு சொல்லுறீங்கள். ஓகே. ஆனால் நடக்காட்டியும், கடவுள் அப்பிடிச் சொன்னவர் எண்டு எழுதி வைச்சிருக்கினமே. அதுதானே பிரச்சினை."

சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். பரணி உவமை இங்கே உதவாது. பேய் கூழ் குடிப்பதைக் கடவுளின் கட்டளை என்று செயங்கொண்டார் சொல்லவில்லை.

அப்படியானால் என் முடிவு இதுதான் என்றேன். அந்தக் கட்டளையைக் கடவுள் கொடுத்தார் என்று ஒரு மக்கள் நம்பினார்கள்; அந்த நம்பிக்கையை நூல் மறைக்காமல் காட்டுகிறது. திருச்சபை இவ்வளவு தூரம் வெட்டவெளிச்சமாகச் சொல்வதில்லை. இது நான் எடுத்துக்கொள்ளும் உரிமை என்பதையும் சொன்னேன்.

"அப்ப பகைவரை நேசி எண்டதும் ஒரு மக்கள் நம்பினதுதானே? வடிவானதெல்லாம் கடவுளின்ரை, அசிங்கமானதெல்லாம் மனுசரின்ரையோ? அதை ஆர் பிரிக்கிறது? நீங்களோ?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இருப்பது முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லாமலும் இல்லை. பிரிப்பது வாசகனின் விருப்பமாக மட்டும் இருந்தால் அவள் சொன்னது சரி. ஆனால் நூலே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அரசர்கள் இரண்டாம் நூலில் ஏகூ என்பவன் இறைவாக்கினரின் பெயரால் கிளர்ச்சி செய்து, இஸ்ரயேலில் முந்தைய அரச குடும்பத்தை வேரோடு அழிக்கிறான். 10ஆம் அதிகாரத்தில் அதற்காக ஆண்டவரே அவனைப் பாராட்டுகிறார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த ஓசேயாவைத் திறந்தால், முதல் அதிகாரத்திலேயே, இஸ்ரியேலில் சிந்திய அதே இரத்தத்துக்காக ஏகூவின் குடும்பத்தைத் தண்டிப்பேன் என்கிறார் ஆண்டவர். இரண்டும் விவிலியம். தொகுத்தவர்கள் ஒன்றை அழித்து மற்றதை வைக்கவில்லை. பின்னால் வந்தவருக்கு முன்னால் வந்தவரை மறுக்கும் உரிமையைக் கொடுத்து, இருவரையும் ஒரே கட்டில் வைத்துவிட்டார்கள். ஒரு வசனத்தை விவிலியம் முழுவதன் ஒருமைப்பாட்டுக்குள் வைத்து வாசியுங்கள் என்று 'தேயி வெர்பும்' 12 சொல்வது இதையும் சேர்த்துத்தான் என்று எனக்குப் படுகிறது. அந்த முழுமையின் மையத்தில் கிறிஸ்தவர்கள் காண்பது, பகைவர்களைக் கொல்லாமல் அவர்கள் கையால் சாகும் ஒருவரை. அகுஸ்தீன் 'கிறிஸ்தவப் போதனை' நூலில் ஓர் அளவுகோல் தருகிறார்: மறைநூலை விளங்கிக்கொண்டேன் என்று நினைப்பவர், அந்த விளக்கத்தால் கடவுள் மேலும் அயலார் மேலும் அன்பைக் கட்டி எழுப்பவில்லை என்றால், இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை.

"அது நல்லாய் இருக்கு. ஆனால் ப்ரூவ் இல்லை" என்றாள். இல்லைதான்.

இரவு எங்கள் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு பொங்கலுக்கு வந்தார். வட்டுக்கோட்டைச் சைவர், தேவாரம் பாடத் தெரிந்தவர். மகள் அவரிடமும் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். "உங்களிட்டை மட்டும் இல்லைப் பிள்ளை. எங்களிட்டை கோட்புலியார் இருக்கிறார்" என்று கதையைச் சொன்னார். பெரியபுராணத்து அறுபத்துமூவரில் ஒருவர் கோட்புலி நாயனார். சோழனின் படைத்தலைவர். சிவபெருமானின் அமுதுக்கென்று நெல் சேர்த்து வைத்துவிட்டுப் போருக்குப் போகிறார். பஞ்சம் வருகிறது, சுற்றத்தார் அந்த நெல்லை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். திரும்பி வந்தவர் தாய் தந்தை உட்பட எல்லாரையும் வெட்டுகிறார். ஒரு குழந்தை மிஞ்சுகிறது. இது அந்த அன்னத்தை உண்ணவில்லையே என்று ஒருவர் கெஞ்ச, உண்டவளின் பாலை உண்டதே என்று அதையும் வெட்டுகிறார். சிவபெருமான் தோன்றி எல்லாருக்கும் பேறு கொடுக்கிறார்.

"அங்கிள், நீங்கள் அதை நம்புறீங்களோ?"

"கோயிலிலை அவரையும் சேர்த்துத்தான் கும்பிடுறன்" என்றார் நண்பர். சிறிது யோசித்து, "கும்பிடேக்கை அந்தப் பிள்ளையை நினைக்கிறதில்லை" என்றும் சொன்னார். நான் அறிந்த நேர்மையான பதில்களில் அதுவும் ஒன்று.

அவர்கள் போன பிறகு எனக்கு ஆறுமுக நாவலர் நினைவு வந்தார். நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுகம் இளவயதில் வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவலுக்குத் தமிழ் ஆசிரியராகவும், விவிலிய மொழிபெயர்ப்பில் துணையாகவும் இருந்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குள் பேர்சிவலை விட்டுப் பிரிந்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். 1854இல் வந்த 'சைவதூஷணபரிகார'த்தில், விக்கிரக வணக்கம், சடங்கு, தீட்டு என்று சைவரைப் பழித்த மிஷனரிகளிடம், உங்கள் வேதத்தில் ஆலயமும் பலியும் தூபமும் இல்லையா என்று அத்தியாயம் அத்தியாயமாக எடுத்துக் காட்டினார். வேதாகமம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பேர்சிவலின் பதிப்பு நிலைக்கவில்லை. புரட்டஸ்தாந்தர் பிறகு வேறு மொழிபெயர்ப்புக்குப் போனார்கள். கத்தோலிக்கரான நாங்கள் அதைக் கையில் தொட்டதே இல்லை.

எனக்குப் பிடித்த விடயம் வேறு. சில ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் மேசைக்கு அமலேக்கின் குழந்தையும் கோட்புலியாரின் குழந்தையும் வந்திருக்கவேண்டும். தான் நம்பாத வேதத்தில் ஒன்றை நல்ல தமிழாக்க உழைத்தார். தான் நம்பிய வேதத்தில் மற்றதைக் குறைக்காமல் வசனமாக்கினார். இறை ஏவுதல் என்பது தொடக்கத்து ஆசிரியரோடு முடிந்துவிடுகிறது என்றும், மொழிபெயர்ப்பாளருக்கு அது கிடையாது என்றும் இறையியல் சொல்லும். சரிதான். ஆனால் கடவுளின் வாக்கு என்று நாம் கையில் பிடிப்பது எப்போதும் இப்படி யாரோ ஒருவருடைய, சில வேளைகளில் நம்பாதவருடைய, கையைத் தாண்டித்தான் வருகிறது.

இனிச் சொல்லப்போவதை மகளிடம் சொல்லவில்லை.

நம்மவர் கூடும் இடங்களில் மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரம் அடிக்கடி பேச்சுக்கு வரும். எல்லாளனோடு போர் முடிந்து, இத்தனை உயிர்களைக் கொன்றேனே என்று துட்டகைமுனு கலங்குகிறான். நீ கொன்றது ஒன்றரை மனிதரை மட்டும்தான், மற்றவர்கள் விலங்குக்குச் சமம் என்று பிக்குகள் அவனைத் தேற்றுகிறார்கள். ஒரு புனித நூல் எப்படிக் கொலைக்கு வழிவிடும் என்பதற்கு நாம் காட்டும் சாட்சி அது. காட்டுவது நியாயம். நானும் காட்டியிருக்கிறேன், பல்கலைக்கழக நண்பர்களிடம், மேற்கோளோடு. அந்த நாட்களில் 1 சாமுவேல் 15:3ஐ யாராவது என் பக்கம் திருப்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு ஆலயத்தின்மேல் விமானக் குண்டுகள் விழுந்தன. இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். எனக்கு அப்போது பதினாறு. நாங்கள் வேறு பகுதியில் இருந்தோம். செய்தி சைக்கிளில் வந்தது. ஒக்டோபர் கடைசியில் குடாநாடே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்களும் நடந்தோம். 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்த செய்தியை, கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில், பற்றரி வானொலியில் கேட்டேன். இறந்தவர்களும் கண் போனவர்களும், ஆயிரத்துக்கு மேல் காயப்பட்டவர்களும், பெரும்பாலும் வேலைக்குப் போன சாதாரணச் சனம். எனக்கு உள்ளே ஒரு சூடு பரவியது. அது பயம் இல்லை, துக்கமும் இல்லை. மகிழ்ச்சிதான். நவாலிக்கு இது என்று நினைத்தேன். அங்கே குழந்தைகள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியும் அந்தச் சூடு குறையவில்லை. அன்றிரவு வழமைபோல அம்மா செபமாலை தொடங்கினார். நானும் பதில் சொன்னேன், ஐந்து பத்து மணிகளும்.

137ஆம் திருப்பாடல் நமக்குத் தெரியும். 1978இல் போனி எம் பாடி, யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை ஒலிநாடாக்கள்வரை வந்த பாபிலோன் ஆற்றங்கரைப் பாட்டு அதுதான். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் அந்நிய மண்ணில் அமர்ந்து அழுகிறார்கள். புலம்பெயர்ந்தவருக்கு அதைவிட நெருக்கமான பாட்டு வேறு இல்லை. தவக்காலத்து ஞாயிறு ஒன்றிலும் அது பதிலுரைப் பாடலாக வரும், ஆறாம் வசனம்வரை. வெளிநாட்டில் முதுகலை படிக்க வந்த காலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு விவிலியத்தில்தான் ஒன்பதாம் வசனத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துப் பாறையில் மோதுகிறவன் பேறுபெற்றவன் என்ற பொருளில் அந்தப் பாடல் முடிகிறது. சங்கத்துக்குப் பிறகு சீர்திருத்தப்பட்ட திருப்புகழ்மாலையில் இந்த வசனத்தை நீக்கிவிட்டார்கள். 58, 83, 109ஆம் பாடல்கள் முழுதாகவே போய்விட்டன.

அந்த வசனத்தை வாசித்த அன்று எனக்கு அதிர்ச்சி வரவில்லை. விறாந்தையில் இருந்த பையனை அங்கே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அழுதவனும் சபித்தவனும் ஒருவன்தான். ஆறாம் வசனத்துக்கும் ஒன்பதாம் வசனத்துக்கும் நடுவில் ஆள் மாறவில்லை. இறை ஏவுதல் என்றால் கடவுள் அதை ஆமோதிக்கிறார் என்று பொருளானால், அந்த வசனம் நூலில் இருக்கவே கூடாது. ஆனால் மனிதர் தம் மனதில் உள்ளதைக் கடவுள் முன்னால் சொன்னதும் கடவுளின் நூலில் இடம் பெறும் என்றால், அது வெட்டப்படாமல் இருப்பதில் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. அந்த வரி இல்லாத விவிலியத்தில், ஜனவரி 31 இரவு நான் சொன்ன செபமாலை வெறும் பொய்.

இதனால் 1 சாமுவேல் 15 சரியாகிவிடவில்லை. திருப்பாடலில் குழந்தையைக் கொல்ல நினைப்பது மனிதன். சாமுவேல் நூலில் அதைச் சொல்லும் வாய் ஆண்டவருடையதாகக் காட்டப்படுகிறது. அந்த வேறுபாட்டை நான் மழுப்பமாட்டேன். ஆனால் தன் மனதிலுள்ள சூட்டைக் கடவுளின் குரல் என்று எடுத்துக்கொள்ள ஒரு மனிதனுக்கு, ஒரு மக்களுக்கு, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதிகம் பிடிக்காது. சாமுவேலைப் பற்றி நான் சொல்வது கல்வெட்டைப் பார்த்து மட்டும் சொல்வதல்ல.

மறுநாள் செவ்வாய். மகளை எழுப்பவில்லை, தானே எழுந்து காரில் வந்து இருந்தாள். அன்றைய நற்செய்தி மாற்கு 2:23 முதல் 28 வரை. குரு வாசித்துக்கொண்டு வந்தார். அபியத்தார் என்ற பெயர் வந்ததும் என் விலாவில் ஒரு முழங்கை இடித்தது. முன்வரிசைத் தொங்கா அம்மா திரும்பிப் பார்த்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

இந்தக் கட்டுரையைச் சில இரவுகளாக எழுதுகிறேன். என்ன எழுதுறீங்கள் என்று நேற்று எட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுக்கும். அந்தத் திங்கட்கிழமை வாசகத்தைப் பற்றி என்றேன். முடிந்ததும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னாள். ஓம் என்றிருக்கிறேன். முழுவதையும் சொல்வேனா, எங்கிருந்து தொடங்குவேன் என்று இன்னும் தெரியவில்லை.